எதிர்மரை

சக்கரத்தின் நடுவில் உட்காருகிற ஹப் மலிவானது என்றாலே மட்டம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பார்க்கத் தெரிந்தவனுக்கு அதிலேயே நல்லது கிடைக்கும். அதன் அச்சு, ஆக்சிலை, இரண்டு விரலால் பிடித்து மெதுவாகச் சுற்ற வேண்டும். உள்ளே மணல் அரைபடுவதுபோல் விரலுக்குத் தெரிந்தால் பால்ரஸ் குண்டுகள் சரியில்லை. போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டினால் எல்லாம் ஏறக்குறைய ஒரே சத்தம் தர வேண்டும். கடைசியாக மரை. விழுப்புரத்தில் இருபத்தெட்டு வருடமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். சீனுவாசன் கை வைத்தால் சரியாக இருக்கும் என்று சொல்வார்கள்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன், சார்.

ஃபிக்ஸட் கியர் சைக்கிள் உங்களுக்குப் பழக்கமிருக்காது. சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் உருண்டுகொண்டே போகும். இதில் அது கிடையாது. சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும். வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் காலைப் பின்னோக்கி அழுத்த வேண்டும். அப்படி அழுத்தும்போது பின் பல்சக்கரம் கழன்று வராமலிருக்க, அதன்மேல் எதிர்மரையில், அதாவது எதிர்ப்பக்கமாகத் திருகி, ஒரு வளையத்தை முடுக்கியிருப்பார்கள். லாக் ரிங் என்போம். பிரேக் வைக்காமல் ஓட்டுகிறவனுக்கு அந்த வளையம்தான் பிரேக்.

ஐந்தாறு வருடமாக இங்கே இருபது பேர் பிரேக் இல்லாமல்தான் இதை ஓட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்டிவனம் போய்த் திரும்புவார்கள். விலை உயர்ந்த சக்கரம் வாங்க வசதியில்லாதவர்கள். ஆன்லைனில் மலிவாக வருவதை வாங்கி என்னிடம் கொண்டுவருவார்கள். நான் ஓட்டு என்றால் ஓட்டுவார்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கே திருப்பி அனுப்புவார்கள்.

அவர்களில் ஒருவனான சகாயராஜும் என் ஊர்தான், கோலியனூர் பக்கம். நாங்கள் ஊருக்குள், அவர்கள் காலனியில். அவன் அப்பா முத்துசாமி எங்கள் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கியவர். என்னைவிட இருபது வயது மூத்தவர், ஆனாலும் என்னைச் சின்னய்யா என்பார். சகாயராஜ் அண்ணே என்றான்.

அவன் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்கு வாத்தியார். போன மாசியில் ஒரு நாள், நான் நல்லது என்று சொல்லி அனுப்பிய சக்கரத்தைக் கடைக்கே திரும்பக் கொண்டுவந்தான். கூட ஏழெட்டுப் பேர். பையிலிருந்து கடிகாரம் போன்ற ஓர் அளவுக் கருவியை எடுத்தான். டயல் கேஜ். அதைச் சக்கரத்தின் விளிம்பில் வைத்துச் சுற்றினான். முள் ஆடியது.

“ஒன்றரை மில்லி கோட்டம் இருக்குதுண்ணே. மரையப் பாருங்க, ஆழமே இல்ல. பின்னாடி அழுத்தினா ரெண்டே மாசத்துல வழிச்சிக்கினு வந்துரும்.”

“என் விரலுக்கு அப்பிடித் தெரியலியே.”

“விரலு சொல்றது வேற, முள்ளு சொல்றது வேறண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர்கள் போனபிறகு அந்த மரையை நகத்தால் கீறிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. உண்மையை மறைக்கிற பழக்கம் எனக்கில்லை.

அதன்பிறகு எல்லோரும் அவனிடம் போனார்கள். ஒவ்வொரு ஹப்பையும் அளந்து, போட்டோ எடுத்து, இது தேறும், இது தேறாது என்று அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவான். ‘கோட்டம் எடுக்கறதுக்கு சீனு அண்ணன் கடைக்குப் போங்க, ஹப்பை நான் பார்த்துச் சொல்றேன்’ என்று ஒருமுறை எழுதியிருந்தான். எனக்கு ஒரு வேலை ஒதுக்கிக் கொடுத்திருந்தான். நல்ல மனதோடுதான் எழுதியிருப்பான்.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் புதுச் சக்கரத்தோடு கடைக்கு வந்தான்.

“ரிங் முடுக்கற ஸ்பேனரு உங்ககிட்டதான் இருக்குது. அப்பிடியே கோட்டமும் எடுத்துருங்கண்ணே.”

“உன் டயல வெச்சிப் பாத்தியா?”

“பாத்தேன். இருந்தாலும் நீங்க ஒருவாட்டி கை வெச்சாத்தான் எனக்குத் திருப்தி. நாலு மணிக்கு வர்றேன்.”

அப்படி அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அந்த ஹப்பைப் பற்றி நீங்கள் எழுதித்தான் ஆக வேண்டும். மலிவு விலையில் அதைப்போல் ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆக்சிலைச் சுற்றினால் தண்ணீரில் விரல் போவதுபோல் போனது. மரை ஆழமாக, சுத்தமாக வெட்டியிருந்தது. அவன் தேர்வு. ஹப்புக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்துவிட்டதால் வளையத்தை எடுத்தேன். அதன் உள்மரையைச் சின்ன அரத்தால் தேய்த்தேன். முழுவதும் இல்லை. முடுக்கினால் பிடிக்கிற அளவுக்கு விட்டுவைத்தேன். தேய்த்த இடம் பளபளக்கும் என்பதால் பழைய கிரீஸ் தடவினேன். பிறகு கம்பிகளை முடுக்கிக் கோட்டம் எடுத்தேன். அவன் முள்ளை வைத்துப் பார்த்திருந்தாலும் ஆடியிருக்காது. வேலையில் குறை வைக்கிறவன் இல்லை நான்.

நாலு மணிக்கு வந்து வாங்கிப் போனான். எதையும் அளந்து பார்க்கிறவன், என் கையிலிருந்து வாங்கியதை மட்டும் அளக்காமல் மாட்டியிருக்கிறான்.

முன்னோக்கி மிதிக்கிறவரை எந்த வித்தியாசமும் தெரியாது. சமதரையில் மெதுவாக அழுத்தினாலும் தாங்கும். சரிவில் வேகமாக இறங்கும்போது பலமாக அழுத்தினால்தான் விட்டுவிடும். திண்டிவனத்துக்கு முன்னால் ஒரு மேம்பாலம் இருக்கிறது.

மறுநாள் காலை நானும் பைக்கில் பின்னால் போனேன். அவர்களுக்குத் தண்ணீர் கேன் கொண்டுபோனேன். அதுவரை அப்படிப் போனதில்லை. சந்தோஷப்பட்டார்கள். சகாயராஜ்தான் கேனை என் வண்டியில் கட்டிக்கொடுத்தான்.

மேம்பாலத்தில் ஏறும்போது நன்றாக மிதித்தான். இறங்கும்போது கீழே ஒரு லாரி திரும்பிக்கொண்டிருந்தது. அவன் பின்னோக்கி அழுத்தினான். கால்கள் பின்னோக்கிச் சுற்றின, சைக்கிள் முன்னோக்கிப் போனது. ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்தான். லாரி டிரைவர்மேல் ஒரு தவறும் இல்லை, அவரை விட்டுவிடுங்கள்.

மற்றவர்கள் அவனிடம் ஓடினார்கள். நான் லாரியில் மோதிய வேகத்தில் தனியாகக் கழன்று கிடந்த பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். கோணவில்லை. நான் எடுத்தது எடுத்தபடியே இருந்தது. வளையத்தைத்தான் காணவில்லை. எங்கோ உருண்டு போயிருந்தது.

மலிவு ஹப், மரை வழித்துக்கொண்டுவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். நம்பினார்கள். குழுவில் எட்டுப் பேர் தங்கள் சக்கரங்களை மறுபடி என்னிடம் கொண்டுவந்தார்கள். அடக்கத்துக்குப் போயிருந்தபோது முத்துசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க சொன்னதக் கேட்டுக்கினு இருந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான், சின்னய்யா.”

ஆமாம் என்றேன்.

எட்டாம் நாள் ஜெசிந்தா கடைக்கு வந்தாள். அவன் மனைவி. அந்த மேம்பாலத்து ஓரமாக இரண்டு நாள் நடந்து தேடியிருக்கிறாள். கையில் வளையம் இருந்தது. போனில் ஒரு படத்தைத் திறந்து வளையத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“சனிக்கெழம உங்க கடைக்கு எடுத்துக்கினு வர்றதுக்கு முன்ன அவரு எடுத்த போட்டோண்ணா. மரை முழுசா இருக்குது பாருங்க.”

“ஓட்டத்துல தேஞ்சிருக்கும்மா.”

“ஒரே நாள்லியா?” என்றாள். வளையத்தின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். “தேஞ்சா கோடு கோடா தேயாதுண்ணா. நானும் ஒரு ஃபிட்டரு பொண்டாட்டி. அரம் போட்டா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

சத்தம் போடவில்லை. வளையத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

ஆக, தேய்த்தது நான்தான். எங்கே விட்டுவிடும் என்று தெரியும். விட்டால் பிழைக்கமாட்டான் என்றும் தெரியும். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் காலையிலிருந்து நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற அந்தச் சித்திரை மாதத்து விஷயம் வேறு. அது நடந்தது, இல்லையென்று சொல்லவில்லை. எங்கள் தெருவுக்குள் சைக்கிளில் உட்கார்ந்தபடியே வந்தான். நான் வாசலில் நின்றிருந்தேன். இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று தன்மையாகத்தான் சொன்னேன். “இதுல மிதிக்கறத நிறுத்த முடியாதுண்ணே” என்று சிரித்துக்கொண்டே கோயில்வரை ஓட்டிக்கொண்டு போனான். ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது. எல்லோரும் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது தொழிலில் வந்த மனஸ்தாபம். கொலை என்று எழுதுங்கள், திட்டமிட்டு என்று எழுதுங்கள். அந்த இன்னொரு சட்டத்தின் பெயரை மட்டும் எழுதாதீர்கள், சார். சாதி பார்க்கிறவனாக இருந்தால், அவன் சக்கரத்தை என் கையால் தொட்டிருப்பேனா?