சங்கு ஊதியதும் கேட்டுக்கு ஓடியவர்கள்

ஓடுகிறோம். மண்ணூர்பேட்டை. செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி ஷிப்டுக்குக் கொஞ்சம் முன்பு. முதல் குண்டு பாடிப் பக்கம் விழுந்துவிட்டது. முதலில் தரை அதிர்ந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. டீக்கடைக் கண்ணாடி டம்ளர்கள் தாமாகவே உருண்டு விழுந்தன.

"படுங்க! அல்லாரும் கால்வாய்ல படுங்க!" லேத் ஓட்டும் நாகராஜ் அண்ணன் கத்துகிறார்.

சாலையோரக் கால்வாயில் குதிக்கிறேன். தங்கை மேகலாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொள்கிறேன். இருவரும் ஒரே கம்பெனியில் பேக்கிங் பிரிவு. சாக்கடைத் தண்ணீர் தாடைவரை. நாற்றம் தெரியவில்லை. பயம்தான் தெரிகிறது.

இது எங்கள் சண்டை இல்லை. மறந்துவிடாதீர்கள். எங்கோ இரண்டு சின்ன நாடுகள். நடுவில் ஒரு கடல். அது யாருக்கு என்று தகராறு. ஒன்றின் பின்னால் ஒரு பெரிய நாடு. மற்றதன் பின்னால் இன்னொரு பெரிய நாடு. பாடி ஆட்டோ ஸ்டாண்டில் இரண்டு பேர் ஒரு சவாரிக்காக மல்லுக்கட்டுவார்கள். ஆளுக்கொரு போன் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு ஸ்டாண்டும் தெருவில் நிற்கும். சவாரி யாருக்கும் ஞாபகம் இருக்காது. உலகத்தை ஆள்பவர்களும் அதையேதான் செய்தார்கள். கோட்டு சூட்டு மட்டும் கூடுதல். ஒப்பந்தம் இருக்கிறது என்று ஒவ்வொரு நாடாக வந்து நின்றது. நாமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

பம்புக்குத் தண்டு செய்த கம்பெனி எங்களுடையது. நட்பு நாட்டிடமிருந்து ஆர்டர் வந்தது. பீரங்கிக் குண்டுக்கு ஓடு. அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

"அவனுங்க சண்டைல நமக்கு இன்னாக்கா? ஓ.டி. கீதுல்ல, அத்தப் பாரு," என்றாள் மேகலா. சிரித்துக்கொண்டே தின்றாள். நானும்தான் தின்றேன். எவனோ ஒருவனின் வரைபடத்தில் எங்கள் தெருவுக்குப் புள்ளி விழுந்தது அன்றைக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

போர் தொடங்கியதும் மைக்கில் சொன்னார்கள். இனி ஷிப்டுக்கு ஆலைச் சங்கு கிடையாது. ஊதினால் விமானம் வருகிறது என்று அர்த்தம். இருந்த இடத்திலேயே படுக்க வேண்டும். கேட்டைப் பூட்டிவிடுவார்கள். கேட்டோம். தலையாட்டினோம். ஆனால் தொழிற்பேட்டைப் பிழைப்பு சங்குப் பிழைப்பு. ஊதி முடிவதற்குள் கேட்டுக்குள் கால் வைக்காவிட்டால் அரை நாள் சம்பளம் போச்சு. வாயில் இட்லியோடு ஓடியிருக்கிறோம். காய்ச்சலோடு ஓடியிருக்கிறோம்.

கால்வாயில் தலையைத் தாழ்த்திக் கிடக்கிறோம். தூரத்தில் ஒரு லாரியின் ஹாரன் மட்டும் நிற்காமல் அலறுகிறது.

சங்கு ஊதுகிறது.

அதே சங்கு. அதே நீளமான இழுப்பு. கால்வாயிலிருந்து ஆட்கள் எழுகிறார்கள். முதலில் ஒருவர். பிறகு மூன்று பேர். பிறகு கூட்டமாக. புத்தி தடுப்பதற்குள் கால் கிளம்பிவிட்டது. நானும் எழுந்தேன். நாகராஜ் அண்ணன் என் பின்னலைப் பிடித்து அமுக்கினார். மேகலாவின் கை என் பிடியிலிருந்து நழுவியது.

"ஏய் மேகலா! அங்க போவாத! திரும்பு!"

திரும்பினாள். கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஓடியா! கேட்ட மூடிடப் போறான்!"

மேலே ஒரு விசில். மெலிதாகத் தொடங்கிப் பருத்தது. பிறகு எனக்குச் சத்தமே இல்லை. இடது காதில் இன்றும் இல்லை.

கேட்டு பூட்டியிருந்தது. பூட்டிய கேட்டுக்கு முன்னால்தான் எல்லோரும் கிடந்தார்கள்.

இப்போது அந்தப் பெரிய நாடுகள் பேச்சுவார்த்தை நடத்துகின்றன. கைகுலுக்கியதை டீவியில் காட்டினார்கள். டீவியை அணைத்தேன்.

கணக்கு இது. என் ஒரு காது. டீக்கடை. எங்கள் ஷெட்டின் கூரை முழுவதும். கேட்டருகே பன்னிரண்டு பேர். அதில் இருவர் பீகாரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அவர்களுடைய முழுப் பெயர் இங்கே யாருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டாவது, என் தங்கை மேகலா. வயது இருபத்தாறு. யாரோடும் அவளுக்குச் சண்டை இல்லை.