மெர்ட்டனின் ஏணி

மரத்தில் பரண் கட்டி மானுக்குக் காத்திருப்பவர்கள் பொதுவாக நல்லவர்கள், ஷெரிஃப். கொஞ்சம் சோம்பேறிகள், அவ்வளவுதான். வேட்டைக்காலம் தொடங்கும்முன் சர்ச் கூடத்தில் அவர்களுக்கு நான்தான் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். பரணை மரத்தோடு கட்டும் நாடாப் பட்டைகளை இழுத்துப் பாருங்கள், தரையை விட்டுக் கால் எடுத்ததுமே தோளிலும் இடுப்பிலும் கட்டிய உடல்வாரை மரத்தோடு மாட்டுங்கள் என்பேன்.

என் கணவர் லீலாண்ட் தவறாமல் மாட்டுவார். சில வருடங்களுக்கு முன் ஒரு காலை, பக்கத்துப் பண்ணை மெர்ட்டன் எங்கள் வாசலில் நின்று சிரித்தான்.

"என்னப்பா லீலாண்ட், டீச்சரம்மா உன்னைத் தொட்டில் பிள்ளை மாதிரி கட்டி அனுப்புறாங்களா?"

லீலாண்ட் வாரைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டுப் போனார். மதியம் அவரைத் தூக்கி வந்தார்கள். பரணிலிருந்து விழுந்து கழுத்து ஒடிந்திருந்தது.

அதன்பிறகு மெர்ட்டன் வார் இல்லாமல் ஏறியதே இல்லை. அவன் ஒழுங்காக மாட்டிக்கொள்வதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை அவன் கூப்பிடும் சத்தம் கேட்டு வேலியைத் தாண்டிப் போனேன். பட்டை அறுந்து பரண் கீழே கிடந்தது. அவன் உடல்வாரில் அந்தரத்தில் தொங்கினான். கைபேசியும் விழுந்திருந்தது.

"நல்லவேளை வந்தீங்க டீச்சரம்மா. ஏணியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க, கால் எட்டல."

நான் ஏணியை எடுத்துத் தரையில் படுக்க வைத்தேன்.

"என்ன பண்றீங்க?"

"அன்னைக்கு லீலாண்ட்கிட்ட என்ன சொன்ன?"

முதலில் மழுப்பினான். பிறகு ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். அவனும் மறக்கவில்லை.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். அவன் கழற்றுவான்னு நினைக்கல. மன்னிச்சிருங்க ஆர்டிஸ். கால் மரத்துப்போச்சு."

அதுவரை அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அழுதான். நடிப்பில்லை, அது எனக்குத் தெரியும்.

கால் மரத்துப்போவதைப் பற்றியும் வகுப்பில் சொல்வேன். மிதிக்க எதுவும் இல்லாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும். தலை சுற்றும், பேச்சு குழறும். உடனே இறக்காவிட்டால் உயிர் தங்காது. அதனால்தான் கால் வைக்க ஒரு கயிற்று வளையம் பையில் இருக்கட்டும் என்பேன். மெர்ட்டன் என் வகுப்புக்கு வந்ததே இல்லை.

விழுந்த பரணின் மேலேயே உட்கார்ந்து, அதோடு விழுந்து கிடந்த அவன் பிளாஸ்கிலிருந்து காப்பி குடித்தேன். குளிர் அதிகமாக இருந்தது. அவன் தன் மகளுடைய பெயரைச் சொன்னான், பிறகு அதுவும் சரியாக வரவில்லை.

நான் போனபோதே அவன் இறந்துவிட்டிருந்தான் என்று உங்களிடம் சொன்னது பொய். ஆனால் எனக்குப் பகை எதுவும் இல்லை என்று சொன்னேனே, அது உண்மை. கீழே நின்று, அவனுக்குக் காதில் விழும்படி, உன்னை மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஏணியை மட்டும் திரும்ப வைக்கவில்லை.