அம்சா அம்மையாரின் காந்தள் தோட்டம்

அவைத் தலைவர் பரந்தாமன் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே!

நம் பெண்கள் பள்ளியின் தையலாசிரியை அம்சா அம்மையார் போய்விட்டார். உடன் பணியாற்றிய நான் அவரைப் பற்றிப் பேச நிற்கிறேன். என்ன பேசுவேன்!

திருத்தணியில் அவர் வீட்டுத் தோட்டத்தை அறியாதவர் யார்? கார்த்திகை வந்தால் வேலி முழுவதும் செங்காந்தள்! மலையேறுகிறவர்கள் அவர் வாசலில் நின்று பூ கேட்டு எடுத்துப் போவார்கள். ஒரு பூவையாவது விற்றாரா? இல்லை!

தை மாதம் கொடி காய்ந்ததும் கிழங்கைத் தோண்டுவார். நுனியில்தான் முளை, அது முறியாமல் எடுத்து, நிழலில் உலர்த்தி, மணல் நிரப்பிய பானையில் வைப்பார். ஆனி மழையில் மறுபடி நடுவார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார். கொடுக்கும்போது, "வெசம்மா இது. கைய நல்லா கழுவிக்கோ" என்று சொல்லாமல் அனுப்பியதில்லை.

இந்த ஆண்டும் மழை எங்கே வந்தது? நந்தியாறு வெறும் மணல். ரேஷன் கடையில் அரிசி இல்லை. கிழங்கு பானையிலேயே கிடந்தது. பின்வீட்டு எல்லம்மாள் கூலிவேலை செய்பவள். வேலையும் இல்லை, சோறும் இல்லை. பானையைப் பார்த்தாள். ஏதோ தின்னும் கிழங்கென்று எடுத்துப் போய் வேகவைத்தாள். கணவன் முனியனுக்கு முதலில் போட்டாள்.

பானையில் கிழங்கு குறைந்திருப்பதையும் பின்வீட்டு அடுப்பு புகைவதையும் கண்டு அம்மையார் அங்கே ஓடினார்.

"அடியே எல்லம்மா, வாயில வெக்காதடி! வெசம்டீ அது!"

எல்லம்மாள் கையிலிருந்ததைக் கீழே போட்டாள். "ஐயோ, அவரு துன்னுட்டாருங்களே, டீச்சரம்மா!"

முனியனை அரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு ரயிலில் கொண்டுபோனோம். மறுநாள் இறந்தான்.

அம்மையாரை யார் குறை சொன்னார்கள்? ஒருவரும் இல்லை! எல்லம்மாளே அவர் கையைப் பிடித்து, "நீங்க இன்னா பண்ணுவீங்க, என் பசி அத எடுத்துகினு போச்சு" என்றாள். அம்மையார் கேட்கவில்லை. மிச்சமிருந்த கிழங்குகளைத் தீயில் போட்டார். கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய்த் திரும்ப வாங்கி, அவற்றையும் எரித்தார். பிறகு ரேஷனில் வந்த தம் பங்கு அரிசியை எல்லம்மாளுக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சித் தண்ணீர் குடித்தார். அந்த உடம்பில் காய்ச்சல் வந்தது. எழுந்திருக்கவில்லை.

பெரியோர்களே! அவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் சூளுரைக்க வேண்டும். எதைத் தொடர்வது? காந்தள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் தோட்டத்தில் நிலச்சம்பங்கிக் கிழங்கு ஒரு பாத்தி இருக்கிறது. இன்று காலை தோண்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் சுருங்கிக் கிடக்கிறது. ஊற்றத் தண்ணீர் இல்லை. ஆனாலும் நாளை வந்து ஆளுக்கு ஒன்று எடுத்துப்போங்கள். மழை வருமென்று என்னால் சொல்ல முடியாது. முளைக்குமென்றும் சொல்ல மாட்டேன். நடுவோம், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.