உயரமான தொட்டியில் ஏஞ்சல் மீன்கள் இறந்தது குறித்து

என் பெயர் பிரபாவதி, வயது 48, தகப்பனார் பெயர் சுப்பராயலு. விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டில் குடியிருக்கிறேன். கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன்.

திண்டிவனத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் சந்திரப்பிரபுவின் மகள் சுஷ்மா என் மாணவி. அந்த அறிமுகத்தில் சென்ற ஆண்டு சந்திரப்பிரபு, புது வீட்டுக் கூடத்தில் உயரமான கண்ணாடித் தொட்டி வைக்கப்போவதாகவும், அதற்கேற்ற மீன்களைச் சொல்லும்படியும் கேட்டார். தாங்கள் சமணர்கள் என்பதால், ஒன்றையொன்று தின்னாத மீன்களே வேண்டும் என்றார். வாய்க்குள் நுழைவதை எந்த மீனும் தின்றுவிடும், உறுதி தர முடியாது என்றேன். அதன் பின்பு சிறிய மீன்களை விலக்கிவிட்டு, உயரத்தில் ஏறி இறங்கி நீந்தும் ஏஞ்சல் மீன்களையும், மேல்மட்டத்தில் திரியும் கௌராமி மீன்களையும் சொன்னேன்.

உயரமான தொட்டியில் தண்ணீர் அதிகம், காற்றுப்படும் மேற்பரப்பு குறைவு. ஆகவே அடித் தண்ணீரை இழுத்து மேலே சிதறவிடும் ஃபில்டர் வேண்டும் என்றேன். மீன் தொட்டி அமைக்கும் தென்னரசு அதைப் பொருத்தினார். நான் போய்ப் பார்த்தபோது நன்றாகவே ஓடியது.

நேற்று, திங்கட்கிழமை காலை சந்திரப்பிரபு போன் செய்து, "மேடம், அந்தத் தென்னரசு மருந்து ஊத்தி எல்லாத்தையும் கொன்னுட்டான்" என்றார். முந்தின நாள் தொட்டியைச் சுத்தம் செய்ய வந்த தென்னரசுவின் சாப்பாட்டு டப்பாவில் கருவாட்டுக் குழம்பு இருந்ததால் அவரை வெளியே போய்ச் சாப்பிடச் சொன்னதாகவும், அந்தக் கோபத்தில் அவர் ஏதோ ஊற்றியது கேமராவில் இருப்பதாகவும் சொன்னார். அதன் பின்பு அவர் புகார் கொடுக்க, தென்னரசுவைக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்துவிட்டார்கள். உதவி ஆய்வாளர் கேட்டுக்கொண்டபடி நானும் இங்கே வந்தேன்.

ஊற்றிய பாட்டிலைக் காட்டினார்கள். புதுத் தண்ணீரில் உள்ள குளோரினைப் போக்க வழக்கமாக ஊற்றும் மருந்து. லேபிளை மட்டும் நம்பாமல், அதில் கொஞ்சம் வாங்கிப் போய்க் கல்லூரித் தொட்டியில் தேவைக்கு மேலாகவே ஊற்றிப் பார்த்தேன். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன் பின்பு சந்திரப்பிரபுவின் வீட்டுக்குப் போனேன். எல்லாம் செத்துவிட்டன என்று சொன்னது சரியல்ல. ஏஞ்சல் மீன்கள் மட்டுமே இறந்திருந்தன. கௌராமிகள் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டிருந்தன. கௌராமி காற்றை நேரடியாக விழுங்கி மூச்சுவிடக் கூடியது. விஷமாக இருந்தால் அதுவும் செத்திருக்க வேண்டும். தண்ணீரில் மூச்சுக்காற்றுதான் குறைந்திருக்கிறது என்று தோன்றியது. ஃபில்டரிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகவே விழுந்தது. தொட்டிக்குள் அலங்காரத்துக்கு வைத்திருந்த மரக்கட்டைக்குப் பின்னால் கைவிட்டுத் தடவியதில், தண்ணீரை இழுக்கும் குழாயின் வாயில் இரண்டாக மடித்த வெள்ளைத் துணி நூலால் கட்டப்பட்டு, அழுக்கேறி வழவழவென்று இருந்தது.

அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டு நிலையத்துக்குத் திரும்பி வந்து தென்னரசுவிடம் கேட்டேன். "ஃபில்டருக்கே ஒரு ஃபில்டரா மேடம்? நான் கட்டல. வெளிய துன்னுட்டு வந்து, தண்ணிய ரொப்பி, மருந்து ஊத்திட்டு ஜல்தியா கெளம்பிட்டேன். குனிஞ்சி பாக்கல" என்றார்.

இன்று காலை துணியோடு மீண்டும் அந்த வீட்டுக்குச் சென்றேன். சந்திரப்பிரபு அதைப் பார்த்ததும் என்னைத் தனியே அழைத்து, "துணி விஷயத்த எழுத வேணாம் மேடம். எங்க வீட்டுல தாங்க மாட்டாங்க. மோட்டார் ரிப்பேருன்னு போட்டுக்கலாம்" என்றார். மோட்டாரைப் பொருத்தியவரும் தென்னரசுதான் என்று நான் சொன்னேன்.

அவர் மனைவி சந்திரகாந்தா இதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். "நான்தான் கட்டினேன்" என்றார். "குடிக்கிற தண்ணியவே துணியில வடிகட்டித்தான் குடிப்போம். கண்ணுக்குத் தெரியாத உசுரெல்லாம் மோட்டார்ல போய் அரைபடுதேன்னு, தென்னரசு சாப்பிடப் போனப்ப ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டிட்டேன்." அதன் பின்பு என் கையிலிருந்த துணியை வாங்கி, ஒரு கிண்ணம் தொட்டித் தண்ணீரில் மெதுவாக அலசி, அந்தத் தண்ணீரைத் தொட்டியிலேயே ஊற்றினார். ஏன் என்று கேட்டேன். "இதுல ஒட்டியிருக்கறதும் அந்தத் தண்ணியில இருந்து வந்ததுதானே" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு என்னுடன் கிளம்பினார்.

தென்னரசு மீது தவறில்லை என்பதே என் முடிவு. நான் இதைச் சொல்லும் இந்நேரம், சந்திரகாந்தா புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி, வெளியே பெஞ்சில் தென்னரசுவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரை விடும்வரை எழுந்திருக்க மாட்டாராம்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் கேட்டதும் சொன்னபடியே உள்ளன. யார் தூண்டுதலும் இல்லை.

(ஒப்பம்) சு. பிரபாவதி