ராங்போர் தேர்ந்தெடுத்த பதிவு

— முடியாதுன்னா முடியாது, டாஃபிஷா. நாளைக்கு உன் புருஷன் லம்போக் மேடைக்கு வரட்டும், சால்வையை வாங்கட்டும், கையை ஆட்டட்டும். கித்தாரைத் தொடக் கூடாது.

— விழாத் தலைவரா பேசுறியா, ராங்போர் அண்ணனா பேசுறியா?

— அவன் பின்னாடி முப்பது வருஷம் டிரம்ஸ் அடிச்சவனா பேசுறேன். டாக்ஸிக் கதவு அவன் இடது கையில ரெண்டு விரலை எடுத்த பிறகும் மேடை ஏறினானே, மறந்துட்டியா? பாதிப் பாட்டுல நின்னுட்டான். ஷில்லாங் ஜனம் கூச்சல் போட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை. பாவம்னு கைதட்டினாங்க. சத்தியமா சொல்றேன், அந்தக் கைதட்டலை இன்னொரு தடவை என்னால கேட்க முடியாது.

— அது நடந்து நாலு வருஷமாச்சு அண்ணே.

— அதுக்குள்ள விரல் முளைச்சிடுச்சா?

— சரி, சண்டை வேணாம். மேடையில ஓடவிட அவரோட கச்சேரிப் பதிவு ஒண்ணு கேட்டியே, மூணு எடுத்து வெச்சிருக்கேன். வெத்தலை பாக்கு போட்டுக்கிட்டே கேளு. நீயே தேர்ந்தெடு.

— போடு... அட, தகரக் கூரையில மழை! எழுபத்தொன்பது, சர்ச் ஹால். லம்போக் ஏன் இந்தப் பறப்புப் பறக்கிறான்?

— அப்பா வாசல்ல குடையோட நின்னாரு, என்னை வீட்டுக்கு இழுத்துட்டுப் போக. நான் போறதுக்குள்ள பாட்டை முடிக்கணும்னு அவருக்கு அவசரம்.

— காதலிச்சது நீங்க, கை வீங்கினது எனக்கு. வேணாம், அடுத்தது.

— இது தொண்ணூத்தொண்ணு, போலோ மைதானம்.

— கரண்ட் போன கச்சேரி! கித்தார் ஊமையாச்சு, அவன் வாசிக்க வேண்டியதைக் கூட்டமே பாடிச்சு. கேளு, இருட்டுல நான் மட்டும் அடிச்சுக்கிட்டு இருக்கேன்!

— இதையே போடலாமா?

— இதுல ஜெயிச்சது ஜனம். லம்போக் ஜெயிக்கணும் டாஃபி. அடுத்தது.

— இந்தா.

— இதுல டிரம்ஸ் எங்கே?

— இல்லை. அதான் பாட்டு காதுல விழுது.

— வாயை மூடு. ஸ்... அந்தச் சுரத்தை எப்படி இழுத்து நிறுத்துறான் பாரு! அவசரமே இல்லை, ஆனா ஒரு இடத்துலகூடத் தயக்கம் இல்லை. நாலு விரலும் கம்பி மேல என்ன ஓட்டம் ஓடுது... எந்த வருஷம்?

— நீயே சொல்லு.

— விபத்துக்கு ஒண்ணு ரெண்டு வருஷம் முன்னாடி இருக்கும். இதான்டி அவன் உச்சம். பக்கத்துலேயே இருந்தும் கவனிக்காம விட்டுட்டேனே...

— அழறியா அண்ணே?

— பாக்கு சூடு, அதான் கண்ணுல தண்ணி. இதுதான், முடிவு பண்ணிட்டேன். சத்தியமா சொல்றேன், இப்படி வாசிக்க இன்னிக்கு இந்த ஊர்ல எவன் இருக்கான்?

— சமையற்கட்டுல ஒருத்தர் இருக்காரு. இது போன ஞாயித்துக்கிழமை, நம்ம தெரு மன்றத்துல எடுத்தது. உன் காதுக்கு எட்டக் கூடாதுன்னு தெருவுக்கே சத்தியம் வாங்கினேன்.

— யாரை ஏமாத்துற? கட்டைவிரல் போக இடது கையில அவனுக்கு மிச்சம் ரெண்டு விரல். இங்கே நாலு ஓடுதே!

— முதல்லயே சொல்லியிருந்தா நீ பாட்டைக் கேட்டிருக்க மாட்டே, அந்தக் கையைத்தான் மனசுல பார்த்திருப்பே. என்னங்க, வாங்க! உங்க மச்சான் மூணாவதை எடுத்துட்டாரு.

— அப்படியா? அப்போ நாளைக்கு டிரம்ஸைக் கொஞ்சம் நகர்த்திப் போடு மச்சான். கித்தாரைத் திருப்பிப் பிடிச்சிட்டேன், அதோட கழுத்து இனி உன் பக்கம் நீளும். மீட்டுறதுக்கு இடது கையில மிச்சம் இருக்கிறது போதும், இப்போ கம்பி மேல ஓடுறது என் வலது கை.