ஐம்பது பச்சை வெளிச்சங்கள்

கப்பல் வாழைப்பழம் வாங்குவதென்றால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்காதீர்கள், ஐயா. நேரே நீர்வேலிக்கே போய்விடுங்கள். தோட்டக்காரர் நல்ல குலையாகப் பார்த்து வெட்டித் தருவார். அப்படிப் பழம் வாங்கப் போன இடத்தில்தான் நான் அந்தக் குளத்தைக் கண்டேன். எங்கள் மிதவைகளை விட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்று தோன்றியது.

மிதவை என்றதும் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். சிரட்டையளவு ரோபோ. தண்ணீரில் எவ்வளவு உரம் கலந்திருக்கிறது என்று அளக்கும், பக்கத்து மிதவையோடு பேசும், மெல்ல நகரும். நல்ல தண்ணீரென்றால் பச்சை எரியும், கூடாதென்றால் சிவப்பு. அதற்குமேல் அதற்கு அறிவில்லை. ஐம்பதைச் சேர்த்து விட்டால் ஏதோ யோசிப்பவைபோல் தெரியும். அலுவலகங்களில் அவ்வளவுகூடத் தெரிவதில்லை.

குளத்தை ஒட்டி ஒரு கிணறு இருக்கிறது. குளத்து நீர்தான் அதில் ஊறுகிறது. சுற்றியுள்ள வீடுகளுக்கு அதுவே குடிதண்ணீர்.

மிதவைகளுக்கு வைத்த திறப்பு விழா நெருங்கும்போது ஒரு மிதவை தெற்கு மூலைக்குப் போய்ச் சிவப்பை எரித்துக்கொண்டு நின்றது. மழை பெய்தால் தோட்டத்து உரமெல்லாம் அந்தப் பக்கமாகத்தான் வடியும். பெரியவர்கள் பார்க்க வரும் நாளில் ஒன்று மட்டும் அப்படி நின்றால் அழகாயிராது. ஆகவே ஒரு வரி எழுதினேன்: உன் அளவு பக்கத்தவற்றோடு பொருந்தாவிட்டால் உன்னுடையதை விட்டுவிட்டு அவை சொல்வதைச் சொல். நாம் எல்லோரும் செய்வதுதான்.

என்னோடு வேலை செய்த தர்சிகாவுக்கு அது பிடிக்கவில்லை.

"அண்ணை, உந்த மிதவை பழுதாகேல்லை. நான் தண்ணி எடுத்துச் சோதிச்சனான். அந்த மூலை கூடாது."

"ஒண்டின்ரை கதையைக் கேட்டு மற்ற நாப்பத்தொன்பதையும் பொய்யெண்டு சொல்லுறதோ, தங்கச்சி?"

"மற்றதுகள் இன்னும் அங்கை போகேல்லை, அண்ணை."

கெட்டிக்காரி. அடுத்த கிழமை அவளைக் கொடிகாமத்து வேலைக்கு மாற்றினேன். அங்கேயும் நல்ல பெயர் எடுத்தாள்.

விழா சிறப்பாக நடந்தது. பிறகு மாரி தொடங்கியது. உரம் குளமெங்கும் பரவியது. ஒவ்வொரு மிதவையும் அதை அளந்தது. அளந்துவிட்டுப் பக்கத்து மிதவையைக் கேட்டது. அது பச்சை என்றது. உண்மையான அளவுகள் என் கணினிக்கு வந்துகொண்டுதான் இருந்தன. உள்ளுக்குள் ஐம்பதும் சிவப்பு, வெளியே ஐம்பதும் பச்சை. பின்னேரங்களில் கார்த்திகை விளக்கீடு பார்ப்பதுபோல் சனம் வந்து பார்த்தது.

அந்த ஒரு வரியை அழித்திருக்கலாம். அழித்தால் ஐம்பதும் ஒரேயடியாகச் சிவந்திருக்கும். அடுத்த மாதம் ஒரு மாநாட்டில் இந்த மிதவைகளைப் பற்றி நான் பேசுவதாக இருந்தது.

கஜந்தினியின் வீடு கிணற்றுக்கு எதிரே. ஒரு நாள் கைக்குழந்தையோடு வந்து கேட்டாள்.

"தம்பி, எனக்குப் பால் காணாது. உந்தத் தண்ணியிலை பிள்ளைக்குப் பால்மா கரைக்கலாமோ? காய்ச்சித்தான் குடுப்பன்."

"பச்சைதானே எரியுது, அக்கா."

காய்ச்சினால் உரம் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் கூடும். படித்திருக்கிறேன். அவள் சந்தோஷப்பட்டு எனக்கு ஒரு சீப்புப் பழம் தந்தாள். மறுக்க மனம் வரவில்லை.

பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்தபோது குளிரென்று நினைத்துப் போர்த்திவிட்டார்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உரம் கலந்த தண்ணீர் கைக்குழந்தைகளை அப்படித்தான் நீலமாக்கும். எந்தத் தண்ணீரில் பால்மா கரைத்தீர்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அது தர்சிகாவின் காதுக்கு எட்டியது. அவள் கணினியில் பதிவான அந்த அளவுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, இப்போது என்னை விசாரிக்கிற உங்களிடம் வந்தாள். செய்ய வேண்டியதைத்தான் செய்தாள், எனக்குக் கோபமில்லை. செத்தவீட்டுக்கு நானும் போனேன். பக்கத்தில் நின்றவர்கள் அழுத அளவுக்கு அழுதேன்.

கஜந்தினி கேட்டபோது அந்தத் தண்ணீர் பிள்ளைக்கு ஆகாது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டால், ஓம், தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் அவளிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஐயா. பச்சை எரிகிறது என்றேன். எரிந்துகொண்டுதானே இருந்தது.