மூணாவது புகார்

சரக்குனு ஒரு சத்தம்க்கா. காஞ்ச ஓலையை யாரோ நகத்தால கிழிக்கற மாதிரி. இருட்டினதும் இந்த ஜன்னலுக்குக் கீழதான் கேக்கும். முதல்ல எலின்னு நெனச்சேன். அப்புறம் யாரோ ஜன்னல் வலையை அறுக்கறாங்களோன்னு பயந்து, பாப்பாவை மடியில போட்டுக்கிட்டு விளக்கை அணைச்சுட்டு உக்காந்திருப்பேன். கடைசியில பாத்தா உங்க தங்கச்சி. உங்க கிரிபாட்டித் தீவுப் பக்கம் பொம்பளைங்ககூடத் தாழை ஓலையில புகையிலையைச் சுருட்டுவீங்களாமே, எனக்கு எங்க தெரியும்? நான் இந்தச் சூவா டவுன்லயே பொறந்து வளந்தவ.

உக்காருங்க. அது ஆடும், இந்த நாற்காலியில உக்காருங்க. எலுமிச்சை இலை போட்ட டீதான், பால் பாப்பாவுக்கு வேணும். ஐயோ, பாப்பாவைத் தொடாதீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, கையைக் கழுவிட்டு வந்து தொடுங்க. நீங்களும் புகையிலை குடிப்பீங்க போல, வாசனை வருது.

நீங்க கேட்டது ஞாபகம் இருக்கு. அன்னிக்கு ராத்திரி உங்க தங்கச்சி அக்கெனெத்தே என் கதவைத் தட்டினாளா இல்லையா, அதானே? நாளைக்குக் காலையில விசாரணையிலயும் அதைத்தான் கேக்கப்போறாங்க. சொல்றேன். அதுக்கு முன்னாடி என்னைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும்.

மிலிகா ஏழு மாசத்துலயே பொறந்துட்டா. நெஞ்சு கீச்சுகீச்சுங்கும், காதை வச்சுக் கேளுங்க. இல்ல, இப்ப வேண்டாம், தூங்கறா. ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில மூச்சு நின்னுபோய்த் திரும்ப வந்த புள்ள இது. அவங்கப்பா இந்த யுனிவர்சிட்டியில மேல்படிப்புப் படிக்கறதால இந்த வீடு குடுத்திருக்காங்க. ஆனா வாரத்துல நாலு ராத்திரி அவருக்குத் துறைமுகத்துல வேலை. நானும் இவளும் தனியாத்தான் கெடப்போம்.

போன வருஷம் புகையிலை இல்லா வளாகம்னு வாசல்ல பலகை நட்டாங்கள்ல, அப்ப தொண்டர் வேணும்னாங்க. முதல் ஆளாப் பேர் குடுத்தேன். பச்சைச் சட்டை குடுத்தாங்க, ஒரு நோட்டு குடுத்தாங்க. யாராவது குடிச்சாப் பேரை எழுதி ஆபீஸ்ல சேக்கணும், அவ்வளவுதான் வேலை. மூணு தடவை பேர் போனா ஹாஸ்டல் ரூம் போயிடும். உங்க தங்கச்சி மாதிரி உதவித்தொகையில வந்தவங்கன்னா அதுவும் போயிடும், ஊருக்கு ப்ளேன் ஏத்திடுவாங்க. கன்னியாஸ்திரிங்ககிட்டப் படிச்சவ நான். கண்ணால பாத்துட்டு எழுதாம விட்டா அது பொய்தானே?

ரெண்டு தடவை எழுதினேன். முதல் தடவை அவ சிரிச்சா. மிலிகாம்மா, பச்சைச் சட்டை உங்களுக்கு எடுப்பா இருக்குன்னா. அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கல. ரெண்டாவது தடவை சிரிக்கல. ஊர்ல தெரிஞ்சா அம்மா தாங்கமாட்டாங்கன்னு அழுதா. அப்ப விட்டுத் தொலையேன்னேன். பன்னெண்டு வயசுலேருந்து குடிக்கறேன், முயற்சி பண்றேன், முடியலன்னா. முடியலன்னா ஊருக்குப் போயிடுன்னு சொன்னேன். கத்தல, நிதானமாத்தான் சொன்னேன்.

அதுக்கப்புறம் அவ உள்ள ஒரு தடவைகூடக் குடிக்கல. அதை நாளைக்கும் சொல்வேன், யாருக்கும் பயப்படமாட்டேன். பின்வாசலைத் தாண்டி ரோட்டுல ஒரு மஞ்சக் கோடு போட்டிருக்காங்க, பாத்திருப்பீங்க. அதுக்கு அந்தப் பக்கம் வளாகம் கெடையாது, என்ன வேணா பண்ணிக்கலாம். அங்கதான் போவா. வளைவான ரோடு, ராத்திரியில ஒரு வெளிச்சம் இருக்காது. பொண்ணுங்க சேந்து வந்து அங்க ஒரு விளக்குப் போடுங்கன்னு கேட்டாங்க. விளக்குப் போட்டா நாமளே குடிக்க வசதி பண்ணிக் குடுத்த மாதிரி ஆயிடும்னு எங்க கூட்டத்துல வேண்டாம்னுட்டோம். ஆமா, நானும் கை தூக்கினேன். குடிக்கறவங்களுக்கு எதுக்குக்கா வெளிச்சம்?

அவளை இடிச்ச வண்டி விளக்குப் போடாமயே வந்திருக்குன்னு போலீஸ்ல உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்க. அடிபட்டவ தானாவே எழுந்து பின்வாசல் வழியா நடந்து வந்திருக்கா. ஹாஸ்டல் மேட்டு மேல இருக்கு, முதல்ல வர்ற வீடு எங்களோடது. காலையில காவலாளி எங்க படிக்கட்டுலதான் அவ உடம்பைப் பாத்தாரு. நான் தூங்கிட்டேன், எதுவும் கேக்கலன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன்.

அதை மாத்தத்தான் உங்ககிட்டப் பேசறேன். குடிங்க, ஆறிடும்.

புகார் சொல்ல ஒரு நம்பர் இருக்குக்கா. ராத்திரியில யாரும் எடுக்கமாட்டாங்க, நாம பேசறது பதிவாகி, காலையில புகார் ஏட்டுல ஏறும். அந்த ஏட்டை நாளைக்குக் கொண்டு வரச் சொல்லியிருக்காங்களாம். எல்லார் முன்னாலயும் யாரோ படிச்சு நீங்க கேக்கறதுக்கு, நானே சொல்லிடறேன். மணி பத்து இருபதுன்னு இருக்கும். எங்க படிக்கட்டுல புகையிலை வாசனை, அக்கெனெத்தே, இது மூணாவது தடவைன்னு இருக்கும். என் குரல்தான்.

அவ கையில ஒண்ணும் இல்ல. துணியில ஒட்டியிருந்த வாசனைதான். ஜன்னல் இடுக்கு வழியாப் பாத்தேன், முகம் ஒரு பக்கம் கறுப்பா நனைஞ்சிருந்தது. ரத்தம்தான்னு தெரிஞ்சுது. காவலுக்கு வேற நம்பர் இருக்கு, அதுவும் தெரியும்.

ஏன் எழுந்துட்டீங்க? கேக்கத்தானே வந்தீங்க?

தட்டினா. மெதுவா, பாப்பா முழிச்சுடக் கூடாதுங்கற மாதிரி. மிலிகாம்மா, கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் குடிச்சேன், என் பேரை எழுதாதீங்க, திறங்கன்னா. கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது, தள்ளியிருந்தா வந்திருக்கலாம். அவ தள்ளல. நான் போனை வச்சுட்டு வந்து, உள்ளேருந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.